தெருமுனைக் கிளினிக்கின் தரத்தை எடைபோடுவது எப்படி? ஒரு முழுமையான வழிகாட்டி

"அவர் கைராசிக்காரர்" என்று நாலு பேர் சொல்லிவிட்டால் போதும், நம் ஊர்களில் ஒரு மருத்துவரின் தரம் முடிவாகிவிடுகிறது. டோக்கன் வாங்க விடியற்காலையிலேயே ஆள் நிற்கிறது, வாசலில் செருப்புகள் குவிந்து கிடக்கின்றன, ஒரே ஊசியில் காய்ச்சல் இறங்கிவிடுகிறது என்றால் அதற்கு மேல் யாரும் விசாரிப்பதில்லை. ஆனால் வைரஸ் காய்ச்சல்களில் பெரும்பாலானவை மருந்து கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் ஒரு வாரத்துக்குள் தாமாகவே இறங்கிவிடுபவை. முதல் நாள் ஒருவரிடம் காட்டி, குறையவில்லை என்று நான்காம் நாள் இன்னொருவரிடம் போனால், காய்ச்சல் இறங்கிய பெருமை இரண்டாமவருக்குப் போய்ச் சேரும். முதல் மருத்துவர் எல்லாவற்றையும் சரியாகவே செய்திருந்தாலும் அவருக்குக் கைராசி இல்லை என்று பேராகிவிடும். சளியும் காய்ச்சலும் எல்லா மருத்துவர்களையும் கெட்டிக்காரர்களாகக் காட்டக்கூடியவை என்பதால், அவற்றை வைத்து யாரையும் எடைபோட முடியாது.

முதல்நிலை மருத்துவத்தைப் பல்லாண்டுகள் ஆராய்ந்த அமெரிக்க அறிஞர் பார்பரா ஸ்டார்ஃபீல்ட், நல்ல குடும்ப மருத்துவத்துக்கு நான்கு இயல்புகளைச் சொன்னார்: எந்த நோய்க்கும் முதலில் நாடும் இடமாக இருத்தல், ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து பார்த்தல், பெரும்பாலான தேவைகளை அங்கேயே கவனித்தல், பிற இடங்களில் நடக்கும் சிகிச்சைகளையும் ஒன்றாகப் பிணைத்தல். நம் ஊர்க் கிளினிக்குகளில் முதல் இயல்பு தாராளமாகவே இருக்கிறது. கடைசி இயல்புதான் அரிது. அதோடு, ஒரு கிளினிக்கின் உண்மையான தரம் அதில்தான் வெளிப்படுகிறது என்பது என் அனுபவம். தமிழ்நாட்டின் சிறு நகரங்களிலும் புறநகர்களிலும் ஒரே மருத்துவர் நடத்தும் தனியார் கிளினிக்குகளை மனத்தில் வைத்து இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். சொல்லப்படுபவை எல்லாம் மருத்துவப் படிப்பு இல்லாதவர்களும் கண்ணால் பார்த்தே கணிக்கக்கூடியவை.

படி 1: பலகையையும் பதிவு எண்ணையும் சரிபாருங்கள்

இது பத்து நிமிட வேலை. பெயர்ப்பலகையில் எத்தனை பட்டங்கள் இருக்கின்றன என்று எண்ண வேண்டாம். அடிப்படைப் பட்டம் எது என்று பாருங்கள். அலோபதி மருத்துவருக்கு எம்.பி.பி.எஸ். அடிப்படை. அதற்கு மேல் பொது மருத்துவத்தில் எம்.டி., குடும்ப மருத்துவத்தில் டி.என்.பி. போன்ற மூன்றாண்டு மேற்படிப்புகள் உண்டு, வேலூர் சி.எம்.சி. தொலைநிலைக் கல்வி வழியே நடத்தும் குடும்ப மருத்துவப் பட்டயப் படிப்பை முடித்தவர்களும் பல ஊர்களில் இருக்கிறார்கள். மேற்படிப்பு இல்லாத எம்.பி.பி.எஸ். மருத்துவர் என்பதால் தரம் குறைவு என்று பொருளில்லை. முப்பது ஆண்டுகளாக ஒரே ஊரில் கவனமாகப் பார்த்து வரும் ஒருவர், பலகை நிறையப் பட்டம் எழுதியிருப்பவரைவிட நல்ல குடும்ப மருத்துவராக இருப்பதை நீங்களும் கண்டிருப்பீர்கள்.

மருத்துவர்களுக்கான 2002ஆம் ஆண்டு நன்னடத்தை விதிகளின்படி, மாநில மருத்துவக் கவுன்சில் தந்த பதிவு எண்ணைக் கிளினிக்கிலும் மருந்துச்சீட்டிலும் காட்டியாக வேண்டும். 2023 ஆகஸ்டில் புதிய விதிகள் அறிவிக்கப்பட்டு, அதே மாதத்திலேயே நிறுத்தி வைக்கப்பட்டதால், பழைய விதிகளே தொடர்கின்றன. சீட்டில் உள்ள அந்த எண்ணைத் தேசிய மருத்துவ ஆணையத்தின் இணையதளத்தில் உள்ள பதிவேட்டில் தேடிப் பார்க்கலாம். அண்மையில் பதிந்தவர்களின் பெயர் அதில் ஏறத் தாமதமாகலாம் என்பதால், பெயர் இல்லை என்றவுடன் போலி என்று முடிவு கட்டிவிடாமல் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலில் கேட்டுத் தெளியுங்கள். கிளினிக் என்ற இடத்துக்கும் தனியாகப் பதிவு உண்டு. 1997ஆம் ஆண்டின் தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டமும் 2018இல் வந்த அதன் விதிகளும் அதைக் கேட்கின்றன. சான்றிதழ் பெரும்பாலும் காத்திருக்கும் இடத்துச் சுவரில், சாமி படத்துக்குப் பக்கத்தில் தொங்கும்.

படி 2: உடம்பு நன்றாக இருக்கும்போதே ஒருமுறை போய் வாருங்கள்

காய்ச்சல் 103இல் இருக்கும்போது யாராலும் எதையும் கவனிக்க முடியாது. ஆகையால் ரத்த அழுத்தம் பார்த்துக்கொள்ளவோ, வீட்டுப் பெரியவருக்கு வழக்கமான பரிசோதனைக்கோ முதல் சந்திப்பை வைத்துக்கொள்ளுங்கள். காத்திருக்கும் அரை மணி நேரத்தில் நிறையத் தெரியவரும்.

ஊசி போடும் இடத்தைப் பாருங்கள். ஊசியும் சிரிஞ்சும் உங்கள் கண்முன்னே உறை பிரிக்கப்பட வேண்டும். போட்டு முடித்ததும் ஊசி முனை அங்கேயே வெட்டப்பட்டோ எரிக்கப்பட்டோ, குத்தினால் துளைபடாத வெள்ளைப் பெட்டிக்குள் போக வேண்டும். சிரிஞ்சு சிவப்புப் பைக்கும் ரத்தம் பட்ட பஞ்சு மஞ்சள் பைக்கும் போக வேண்டும். 2016ஆம் ஆண்டின் மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகள் இந்த நிறங்களைப் பிரித்துச் சொல்கின்றன. எல்லாம் ஒரே பிளாஸ்டிக் வாளியில் விழுகின்றன என்றால், மற்ற விதிகளும் அங்கே அப்படித்தான் இருக்கும் என்று நான் எடுத்துக்கொள்வேன். ஒரு நோயாளிக்கும் அடுத்தவருக்கும் இடையில் மருத்துவர் கையைக் கழுவுகிறாரா, அல்லது கிருமிநாசினியாவது தடவுகிறாரா என்பதையும் கவனியுங்கள். மூச்சுத் திணறலுக்கு மருந்தைப் புகையாக்கித் தரும் நெபுலைசர், ஆக்சிஜன், ஈசிஜி கருவி, விரல் நுனியில் மாட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டர், சர்க்கரை பார்க்கும் குளுக்கோமீட்டர் ஆகியவை இருக்கின்றனவா என்று வரவேற்பில் இருப்பவரிடம் கேட்டாலே சொல்லிவிடுவார். மருத்துவர் ஊரில் இல்லாத நாளில் யாரைப் பார்ப்பது என்ற கேள்வியையும் அப்போதே கேட்டுவிடுங்கள். தெளிவான பதில் இருக்கும் இடத்தில் பொறுப்பும் இருக்கும்.

அடுத்து, பெஞ்சு. நேரத்தை மிச்சப்படுத்த, அடுத்த மூன்று டோக்கன்காரர்களை மருத்துவரின் அறைக்குள்ளேயே பெஞ்சில் உட்கார வைக்கும் வழக்கம் நம் ஊர்களில் பரவலாக இருக்கிறது. வெள்ளைப்படுதலுக்காக வந்த பெண், பெஞ்சில் எதிர்வீட்டுக்காரர் உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் "வயித்து வலி, டாக்டர்" என்று சொல்லிவிட்டு அசிடிட்டி மாத்திரையோடு வெளியே போகிறார். குடிப்பழக்கம், மனச்சோர்வு, மூலம், கருக்கலைப்பு, ஆண்மை சார்ந்த சிக்கல் எதுவும் அந்த அறையில் வாய் திறந்து சொல்லப்படாது. மருத்துவர் எவ்வளவு அறிவாளியாக இருந்தாலும், சொல்லப்படாத நோய்க்கு அவரால் வைத்தியம் பார்க்க முடியாது. எனவே தனிமை என்பது மரியாதைக்காக மட்டும் கேட்கப்படுவதில்லை. நோயைச் சரியாகக் கண்டுபிடிப்பதே அதைப் பொறுத்திருக்கிறது.

படி 3: அறைக்குள் நடப்பதைக் கவனியுங்கள்

67 நாடுகளின் தரவுகளைத் தொகுத்து 2017இல் பி.எம்.ஜே. ஓப்பன் என்ற மருத்துவ இதழில் வெளிவந்த ஆய்வின்படி, முதல்நிலை மருத்துவர் ஒரு நோயாளியோடு செலவிடும் நேரம் வங்கதேசத்தில் 48 விநாடி, ஸ்வீடனில் 22.5 நிமிடம், இந்தியாவுக்குக் கிடைத்த கணக்கு ஏறத்தாழ இரண்டு நிமிடம். மாலை ஆறு முதல் ஒன்பதரைக்குள் நூறு பேரைப் பார்க்கும் மருத்துவரிடம் அரை மணி நேரம் எதிர்பார்ப்பது நியாயமில்லை என்பது எனக்கும் தெரியும். ஆயினும் இரண்டு நிமிடத்தை ஐந்து நிமிடமாக்குவதில்தான் பல கிளினிக்குகளின் தரம் வேறுபடுகிறது. அந்த ஐந்து நிமிடத்தில் நீங்கள் எதிர்பார்க்க வேண்டியவை கேள்வி, தொடுகை, விளக்கம் என்ற மூன்றும்தான்.

எத்தனை நாளாக இருக்கிறது, இதற்கு முன் என்ன மருந்து சாப்பிட்டீர்கள், சர்க்கரை, ரத்த அழுத்தம், ஆஸ்துமா உண்டா, எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாமல் போயிருக்கிறதா, பெண்ணாக இருந்தால் கருவுற்றிருக்க வாய்ப்பு உண்டா என்ற கேள்விகள், மருந்து எழுதுவதற்கு முன்னால் வந்தாக வேண்டும். இவற்றில் ஒவ்வாமை பற்றிய கேள்வி வராமலே பேனா ஓடத் தொடங்கினால், நீங்களே குறுக்கிட்டுச் சொல்லுங்கள். இருமலுக்கு வந்தவரின் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் சட்டைக்கு மேலே அரை விநாடி பட்டு நகர்வதைப் பரிசோதனை என்று சொல்ல முடியாது. முதுகுப் பக்கம் இரு புறமும் வைத்து, "நல்லா மூச்சு இழுத்து விடுங்க" என்று சொல்லிக் கேட்பதுதான் பரிசோதனை. இருமலோடு வந்த குழந்தையின் சட்டையை உயர்த்தி, மூச்சு எத்தனை தடவை வாங்குகிறது என்று எண்ணிப் பார்க்கும் மருத்துவரை விட்டுவிடாதீர்கள். ஒன்று முதல் ஐந்து வயதுக் குழந்தைக்கு நிமிடத்துக்கு 40 அல்லது அதற்கு மேலும், இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரை 50 அல்லது அதற்கு மேலும் மூச்சு ஓடினால் நிமோனியாவை நினைக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் வகுத்திருக்கிறது. இதற்குக் கடிகாரத்தைத் தவிர வேறு கருவி தேவையில்லை. குழந்தையின் எடையைப் பார்க்காமல் காய்ச்சல் மருந்தின் அளவை எழுதுவதும் சரியில்லை. பாராசிட்டமால் ஒரு வேளைக்குக் கிலோ ஒன்றுக்குச் சுமார் 15 மில்லிகிராம் என்று எடைக் கணக்கில்தான் கொடுக்கப்படுகிறது.

ரத்த அழுத்தம் பார்க்கும் விதத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஒரு கிளினிக்கின் ஒழுங்கை அளக்க இதைவிட எளிய அளவுகோல் எனக்குத் தெரியவில்லை. மாடியேறி வந்து, டோக்கனுக்காக வாக்குவாதம் செய்து, மூச்சு வாங்க உட்கார்ந்தவருக்கு உடனே கையில் பட்டையைச் சுற்றிப் பார்த்தால் அளவு கூடுதலாகத்தான் வரும். ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். முதுகு நாற்காலியில் சாய்ந்திருக்க வேண்டும், பாதங்கள் தரையில் படிந்திருக்க வேண்டும், கால்மேல் கால் போடக் கூடாது. கை மேசைமேல், இதயத்தின் உயரத்தில் இருக்க வேண்டும். பட்டை வெறுங்கையில் சுற்றப்பட வேண்டும், பருமனான கைக்குப் பெரிய பட்டை வேண்டும். அந்த நேரத்தில் பேச்சு கூடாது. அரை மணி நேரத்துக்குள் காபி குடித்திருந்தாலோ, சிறுநீரை அடக்கிக்கொண்டிருந்தாலோ அளவு மாறும். ஒரே ஒருமுறை 150 வந்ததை வைத்து வாழ்நாள் மாத்திரையைத் தொடங்குபவரைவிட, "ரெண்டு மூணு நாள் வேற வேற நேரத்துல பார்த்துட்டு முடிவு பண்ணலாம்" என்று சொல்பவர் நல்லவர். அளவு 180ஐத் தாண்டி, தலைவலியோ நெஞ்சு வலியோ கூடவே இருந்தால் அப்படிக் காத்திருக்கக் கூடாது என்பது வேறு விஷயம்.

படி 4: மருந்துச்சீட்டை வாசித்துப் பாருங்கள்

நல்ல சீட்டில் உங்கள் பெயர், வயது, தேதி, நோய் பற்றிய ஒரு வரி, மருந்தின் பொதுப்பெயர், அளவு, எத்தனை நாள், மறுபடி எப்போது வர வேண்டும் என்பவை இருக்கும். மருந்தின் பொதுப்பெயரை வாசிக்கும்படியாக, கூடுமானவரை பெரிய எழுத்தில் எழுத வேண்டும் என்று 2016இல் விதி திருத்தப்பட்டது. பொதுப்பெயர் தெரிந்தால் மக்கள் மருந்தகத்திலோ, 2025இல் தொடங்கிய முதல்வர் மருந்தகத்திலோ விலை குறைவாக வாங்க முடியும். பெயரில்லாத காகித உறையில், கத்தரித்த மாத்திரைகளைச் சிவப்பு ஒன்று, வெள்ளை ஒன்று, மஞ்சளில் அரை என்று போட்டுக் கொடுக்கும் கிளினிக்குகள் இன்னும் இருக்கின்றன. அதைச் சாப்பிட்டு உடம்பெல்லாம் தடித்துப் போய் இரவில் அரசு மருத்துவமனைக்கு ஓடினால், அங்கே "என்ன மாத்திரை சாப்பிட்டீங்க?" என்ற கேள்விக்கு நிறத்தைத்தான் சொல்ல முடியும். மலிவாகவே கிடைத்தாலும் அந்த உறையை வாங்காதீர்கள். பெயரை எழுதித் தரச் சொல்லுங்கள்.

ஊசியைப் பற்றி நாம் நேர்மையாகப் பேச வேண்டும், ஏனென்றால் இந்தக் குறையில் பாதி நம்முடையது. "ஊசி போடலையா?" என்று கேட்டு, போடாதவரை விட்டுவிட்டு அடுத்த தெருவுக்குப் போவது நாம்தான். சாதாரணக் காய்ச்சலுக்கும் உடம்பு வலிக்கும் ஊசி வழியே போகும் மருந்து பெரும்பாலும் மாத்திரையாகவே வேலை செய்யக்கூடியது. உடனடிச் சுகம் தரும் சில ஊசிகளில் ஸ்டீராய்டு இருக்கும். அது வலியையும் வீக்கத்தையும் மாயம்போல் குறைக்கும், அதே வேகத்தில் ரத்தச் சர்க்கரையை ஏற்றும், சில தொற்றுகளை மறைக்கும். ஆகையால் ஊசிக்கு முன் "இதுல என்ன மருந்து, டாக்டர்?" என்று கேட்டு, அந்தப் பெயரையும் சீட்டில் எழுதச் சொல்லுங்கள். சோர்வுக்கு ஏற்றப்படும் குளுக்கோஸ் பாட்டிலின் கணக்கு இன்னும் வேடிக்கையானது. 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் 500 மில்லியில் இருப்பது 25 கிராம் சர்க்கரை, அதாவது ஐந்தாறு தேக்கரண்டி. வாந்தி நிற்காதவருக்கும் வாய்வழியே எதுவும் குடிக்க முடியாதவருக்கும் டிரிப்ஸ் தேவைப்படும். நடந்து வந்து, இளநீர் குடித்துவிட்டுப் படுத்திருப்பவருக்குத் தேவைப்படாது.

சளி, தொண்டை வலி, சாதாரண வயிற்றுப்போக்கு ஆகியவற்றில் பெரும்பாலானவற்றுக்கு ஆன்டிபயாட்டிக் வேண்டியதில்லை. மூன்று நாள் அசித்ரோமைசின் எல்லாச் சளிக்கும் எழுதப்படுகிறது என்றால், அது மருத்துவமாக இல்லாமல் வழக்கமாகிவிட்டது. எதற்காக எழுதுகிறார் என்று கேளுங்கள். "சளி மஞ்சளா இருக்கு" என்பது போதுமான காரணமல்ல. செஃபிக்சிம் போன்ற மூன்றாம் தலைமுறை ஆன்டிபயாட்டிக்குகளும் காசநோய் மருந்துகளும் 2014 மார்ச் முதல் எச்1 பட்டியலில் இருக்கின்றன. மருத்துவரின் சீட்டு இல்லாமல் அவற்றை விற்கக் கூடாது, விற்ற விவரத்தை மருந்துக் கடைக்காரர் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்றாண்டு வைத்திருக்க வேண்டும். சிறு கீறலுக்கெல்லாம் டி.டி. ஊசி போட்டுக்கொள்வதும் இந்த வகைதான்: முறையான தடுப்பூசிகளை முடித்தவருக்கு, சுத்தமான சிறு காயம் என்றால் பத்தாண்டுக்குள்ளும், அழுக்கான காயம் என்றால் ஐந்தாண்டுக்குள்ளும் போட்டிருந்தால் மறுபடி தேவையில்லை. கடைசியாக எப்போது போட்டீர்கள் என்று கேட்கும் மருத்துவர் இங்கேயும் தேறிவிடுகிறார்.

படி 5: பரிசோதனைகளுக்குக் காரணம் கேளுங்கள்

காய்ச்சலின் இரண்டாம் நாளே விடால் பரிசோதனை எடுத்து, அதில் வந்த எண்ணை வைத்து "டைஃபாய்டு" என்று சொல்லிவிடுவது நம் ஊர்களில் மிகவும் பழகிப்போன பிழை. விடால் காட்டுவது உடல் உண்டாக்கும் எதிர்ப்புப் பொருளை. அது போதிய அளவில் உருவாக ஒரு வாரமாவது ஆகும், பழைய தொற்றோ தடுப்பூசியோ கூட அதை உயர்த்தியிருக்கலாம். முதல் வாரத்தில் டைஃபாய்டை உறுதி செய்ய உதவுவது, ரத்தத்தில் உள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் ரத்த கல்ச்சர். டெங்குவிலும் இதே போன்ற காலக்கணக்கு உண்டு: வைரஸின் புரதத்தைத் தேடும் என்.எஸ்.1 முதல் ஐந்து நாள்களில் பயன்படும், எதிர்ப்புப் பொருளான ஐ.ஜி.எம். அதற்குப் பிறகுதான் தெரியும். இன்றைக்கு எத்தனையாவது நாள் என்று கேட்காமல் பரிசோதனை எழுதும் மருத்துவர் முடிவையும் சரியாக வாசிக்க மாட்டார். குறிப்பிட்ட ஒரு லேபுக்குத்தான் போக வேண்டும் என்று வற்புறுத்தினால் எச்சரிக்கையாக இருங்கள். நோயாளியை அனுப்புவதற்குக் கமிஷன் வாங்குவதையும் கொடுப்பதையும் 2002 விதிகள் தடை செய்கின்றன.

படி 6: சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் ஓர் ஆண்டுக் கணக்கு வையுங்கள்

2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் (ஐ.சி.எம்.ஆர்.) ஆய்வு இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாகக் கணக்கிட்டது. குடும்ப மருத்துவரின் வேலையில் பெரும்பகுதி இன்று இதுதான். மாதாமாதம் போய், வெறும் வயிற்றுச் சர்க்கரையைக் காட்டி, அதே மாத்திரையை வாங்கி வருவதைச் சிகிச்சை என்று பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். ஓர் ஆண்டின் முடிவில் கீழ்க்கண்டவை நடந்திருக்கின்றனவா என்று பாருங்கள்: மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனை, கட்டுக்குள் இருந்தால் ஆண்டுக்கு இரண்டு முறை, இல்லையென்றால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, கண் மணியை விரித்து விழித்திரையைப் பார்க்கும் பரிசோதனை ஒருமுறை, சிறுநீரகத்தின் நிலையை அறியச் சிறுநீரில் ஆல்புமின் அளவும் ரத்தத்தில் கிரியாட்டினினும் ஒருமுறை, கொழுப்பு ஒருமுறை, செருப்பையும் சாக்ஸையும் கழற்றச் சொல்லி, விரலிடுக்கு வரை பாதத்தைப் பார்த்து, மெல்லிய நைலான் இழையால் தொட்டு உணர்ச்சி இருக்கிறதா என்று கேட்டது ஒருமுறை.

கடைசியாகச் சொன்னதுதான் பெரும்பாலும் விடுபட்டுப் போகிறது. அதற்குச் செலவில்லை, மூன்று நிமிடம் போதும். விட்டுவிட்டால் விரலை எடுக்கும் நிலை வரலாம். பல ஆண்டுகள் மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையைச் சாப்பிடுபவருக்குக் கால் மரத்துப்போனால், சர்க்கரையினால் மட்டும் என்று ஒதுக்காமல் வைட்டமின் பி12 அளவையும் பார்க்கிறாரா என்பது சற்று மேம்பட்ட அளவுகோல்.

படி 7: எல்லா மாத்திரைகளையும் ஒரே பையில் கொண்டு போங்கள்

இரண்டு ஆண்டுகளுக்கு முன் என் அம்மாவுக்குக் கணுக்கால் வீங்கியது. நெடுநாளாகப் பார்த்துவந்த மருத்துவர், பாதத்தை விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு நீர் பிரிய ஒரு மாத்திரை எழுதினார். வீக்கம் கொஞ்சம் குறைந்தது. ஆனால் இரவில் நான்கைந்து முறை எழுந்து போக வேண்டியதாயிற்று, ஒருநாள் விடியற்காலையில் குளியலறை வாசலில் தலைசுற்றி உட்கார்ந்துவிட்டார். தலைசுற்றலுக்கு மூன்றாவதாக ஒரு மாத்திரை வந்தது. அத்தை சொன்னதைக் கேட்டு வேறொரு மருத்துவரிடம் அழைத்துப் போனேன். அவர் அன்றைக்கு எதுவும் எழுதவில்லை. "வீட்ல இருக்கற எல்லா மாத்திரையையும் ஒரு பையில போட்டு நாளைக்கு எடுத்துட்டு வாங்க, எதையும் விட்றாதீங்க" என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் மஞ்சள் பையைக் கவிழ்த்து, அட்டைகளை மேசையில் பரப்பி, ஒவ்வொன்றின் பின்பக்கத்தையும் வெளிச்சத்தில் சாய்த்துச் சிறிய எழுத்தை வாசித்துக்கொண்டே வந்தவர், இரண்டு அட்டைகளை மட்டும் தனியாக எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒன்று, தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாதந்தோறும் வீட்டுக்கே வந்து கொடுக்கப்பட்ட அம்லோடிபின் என்ற ரத்த அழுத்த மாத்திரை. மற்றொன்று, தனியார் கிளினிக்கில் எழுதிய கூட்டு மாத்திரை. டெல்மிசார்ட்டன் என்ற இன்னொரு ரத்த அழுத்த மருந்தோடு அம்லோடிபினும் சேர்ந்தது. "அம்மா, இது ரெண்டும் ஒரே மருந்துதான், பேரு மட்டும்தான் வேற. நீங்க டபுள் டோஸ் சாப்பிட்டுட்டு இருக்கீங்க." அம்லோடிபின் அளவு கூடினால் கணுக்கால் வீங்கும் என்பது அந்த மருந்தின் நன்கறியப்பட்ட பக்கவிளைவு. ஒன்றை நிறுத்தினார், நீர் மாத்திரையையும் தலைசுற்றல் மாத்திரையையும் எடுத்துவிட்டார், இரண்டு வாரம் கழித்து அழுத்தம் பார்க்க வரச் சொன்னார். ஒரு மாதத்துக்குள் வீக்கம் வடிந்தது.

முதல் மருத்துவர் அறியாமையில் எழுதினார் என்று நான் சொல்ல மாட்டேன். வேறு என்ன சாப்பிடுகிறீர்கள் என்று அவர் கேட்கவில்லை, அரசு மாத்திரையை மருந்தாகவே கணக்கில் சேர்க்காத அம்மாவும் சொல்லவில்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய அந்தத் திட்டம் ஏராளமான முதியவர்களுக்குப் பெரும் உதவியாக இருக்கிறது. இருவேறு இடங்களிலிருந்து மருந்து வரும் வீடுகளில் அவற்றை ஒன்றாக வைத்துப் பார்க்க ஒருவர் வேண்டும், அவர்தான் குடும்ப மருத்துவர்.

எனவே ஆறு மாதத்துக்கு ஒருமுறை அந்தப் பையோடு போங்கள். சித்த மருந்து, மூட்டு வலிக்குக் கடையில் நேரடியாக வாங்கும் மாத்திரை, சத்து மாத்திரை, கண் சொட்டு மருந்து எல்லாமும் அதில் இருக்கட்டும். அட்டையைப் பின்பக்கமாகக் கத்தரிக்காதீர்கள், பெயர் போய்விடும். வீட்டில் ஆளுக்கொரு கோப்பு வைத்து, முதல் பக்கத்தில் நோய்கள், அறுவை சிகிச்சைகள், ஒவ்வாமை, இப்போதைய மருந்துகள் ஆகியவற்றை உங்கள் கையாலேயே எழுதி வையுங்கள். அந்தப் பக்கத்தை மருத்துவர் வாங்கிப் படிக்கிறாரா, பார்க்காமலே ஒதுக்கித் தள்ளுகிறாரா என்பதிலிருந்தே எனக்கு வேண்டிய பதில் கிடைத்துவிடும்.

படி 8: மேல் சிகிச்சைக்கு அனுப்பும் விதத்தைப் பாருங்கள்

"இதை நான் பார்க்க முடியாது, இங்க போங்க" என்று உரிய நேரத்தில் சொல்லத் தெரிவது குடும்ப மருத்துவரின் திறமைகளில் முதன்மையானது. நெஞ்சு வலியோடு வருபவருக்குப் பத்து நிமிடத்துக்குள் ஈசிஜி எடுக்கப்பட வேண்டும். வாயுக் கோளாறு என்று ஊசி போட்டு வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்களின் கதை ஒவ்வொரு ஊரிலும் உண்டு. ஈசிஜி வசதியில்லை என்றால் 108ஐ அழைப்பதுதான் அவர் செய்ய வேண்டியது. 2023இல் தொடங்கிய இதயம் காப்போம் திட்டத்தின்படி, மாரடைப்புக்கான முதல் வேளை மாத்திரைகள் ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே கொடுக்கப்படுகின்றன என்பதையும் நினைவில் வையுங்கள். ஒரு பக்கக் கை, கால் தளர்ந்து, வாய் கோணினால் ரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசிக்குப் பொதுவாக நான்கரை மணி நேரம்தான் அவகாசம். அதில் ஒரு மணி நேரத்தைக் கிளினிக்கின் வரிசையில் கழிக்கக் கூடாது.

டெங்குவில் காய்ச்சல் இறங்கும் நாளே ஆபத்தான நாள். நல்ல மருத்துவர் "காய்ச்சல் விட்டதும் வர வேண்டாம்" என்று சொல்ல மாட்டார். கடுமையான வயிற்று வலி, நிற்காத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், அளவுக்கு மீறிய சோர்வு, சிறுநீர் குறைவு ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் நேராக மருத்துவமனைக்குப் போகும்படி எழுதியே கொடுப்பார். மூன்று மாதம் நிறையாத குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் மருந்து எழுதாமல் உடனே குழந்தைகள் மருத்துவமனைக்கு அனுப்புவார். நாய்க்கடி என்றால், சோப்புப் போட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவச் சொல்லி, ரத்தம் வந்த கடியாக இருந்தால் தடுப்பூசியோடு காயத்தில் செலுத்தும் இம்யூனோகுளோபுலினும் கிடைக்கும் அரசு மருத்துவமனைக்கு அனுப்புவார். காயத்தை அவசரமாகத் தைக்க மாட்டார்.

அனுப்பும்போது கையில் ஒரு கடிதம் இருக்க வேண்டும். என்ன பார்த்தேன், என்ன கொடுத்தேன், எதற்காக அனுப்புகிறேன், இவருக்கு என்னென்ன நோய்கள், என்ன ஒவ்வாமை என்று ஐந்து வரி போதும். திரும்பி வரும்போது அங்கே தந்த டிஸ்சார்ஜ் சுருக்கத்தை வாங்கிப் பார்த்து, பழைய மருந்துகளில் எது தொடரும், எது நிற்கும் என்று சொல்கிறாரா என்பது அதன் மறுபாதி.

படி 9: குறை இருந்தால்

உங்கள் மருத்துவக் குறிப்புகளை எழுத்தில் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்றும், உள்நோயாளிகளின் பதிவுகளைச் சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து மூன்றாண்டு வைத்திருக்க வேண்டும் என்றும் 2002 விதிகள் சொல்கின்றன. சிறு கிளினிக்கில் புறநோயாளிக்கு எந்தக் குறிப்பும் இல்லாமல் போவதே நடைமுறை என்பதால்தான் உங்கள் கோப்பு உங்களிடம் இருக்க வேண்டும் என்கிறேன். நடத்தைப் பிழை பற்றிய புகாரைத் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலுக்கு அனுப்பலாம். பட்டமே இல்லாமல் வைத்தியம் பார்ப்பவரைப் பற்றி மாவட்ட மருத்துவ நலப் பணிகள் இணை இயக்குநரிடம் சொல்லலாம். கட்டணம் வாங்கிச் செய்யும் சிகிச்சை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று 1995இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருப்பதால், கவனக்குறைவால் இழப்பு நேர்ந்தால் இரண்டாண்டுக்குள் நுகர்வோர் ஆணையத்தை நாடலாம்.

ஆனால் பெரும்பாலான குறைகள் அவ்வளவு தூரம் போக வேண்டியவை அல்ல. கூட்டமில்லாத நேரமாகப் பார்த்து நேரிலேயே சொல்லிவிடுங்கள். மாலையில் வேண்டாம், காலையில் கடைசி டோக்கனுக்குப் பிறகு. இப்போது அம்மாவைப் பார்க்கும் மருத்துவரின் அறையிலும் முதலில் அந்தப் பெஞ்சு இருந்தது. ஒருநாள் அம்மாவே அவரிடம், "நீங்க கேக்கறதுக்கு இவங்க முன்னாடி என்னால பதில் சொல்ல முடியல, தம்பி" என்றார். அடுத்த மாதம் போனபோது பெஞ்சு தாழ்வாரத்துக்குப் போயிருந்தது, அறை வாசலில் பச்சை நிறத்தில் ஒரு திரை தொங்கியது.